12 அடியா 14 அடியா: ரெண்டு அலுமினிய போட்டை அளந்து பாத்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், கடைசியில நாங்க எடுத்தது 14 அடி போட்தான். ஆனா அது ரெண்டு அடி நீளமா இருக்குன்னு எடுக்கல, அடிப்பக்கம் நாலு இன்ச் அகலமா இருக்குன்னு எடுத்தோம். வெறும் நாலு இன்ச்சுக்கா இவ்ளோ பெரிய கதைன்னு கேப்பீங்க, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கணக்கு போட்டு பாக்கற வரைக்கும்.

ஆளுங்க ரெண்டு பேர். நான் 75 கிலோ, என் மச்சான் (பொண்டாட்டியோட தம்பி) 68 கிலோ. வேலை தூண்டில் போடறது மட்டும்தான், அதுவும் அலை இல்லாத ஏரித் தண்ணி, ஓரத்துல கோரையும் பாசியும் இருக்கற ஆழம் கம்மியான இடம். கையில ஏற்கனவே ஒரு 12 வோல்ட் எலக்ட்ரிக் மோட்டார் இருந்துச்சு, 10 கிலோ, அதுக்கு ஒரு 28 கிலோ லெட் ஆசிட் பேட்டரி. பின்னாடி ஒரு நாள் சின்ன பெட்ரோல் இன்ஜின் மாட்டலாம்னு மச்சானுக்கு ஒரு ஆசை. பாத்த போட் ரெண்டுமே செகண்ட் ஹேண்ட், கேட்ட காசும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால விலைய வச்சு முடிவு பண்ற சௌகரியம் எங்களுக்கு கிடைக்கல.

ரெண்டும் ஒரே ஜாதி போட்தான், ஜான் போட்னு சொல்றாங்களே அது. அடி தட்டை, ரெண்டு பக்க சுவரும் கிட்டத்தட்ட நேரா நிக்கும், முன்பக்கம் கூரா இல்லாம சதுரமா மேல தூக்கி இருக்கும், குறுக்க மூணு பெஞ்ச். இதை 1232, 1436ன்னு நம்பர் வச்சு கூப்பிடுவாங்க. மொத ரெண்டு எண் நீளம், அடியில. அடுத்த ரெண்டு எண் அகலம், இன்ச்சுல. இங்கதான் நெறைய பேர் ஏமாறுவாங்க, நானும் ஏமாந்தேன். அந்த அகலம் மேல விளிம்புக்கு விளிம்பு அளக்கறது இல்ல, தண்ணியில உக்கார்ற அடித் தகட்டோட அகலம். 32ன்னு போட்ட போட்டை மேல அளந்தா 44 இன்ச் வரும், "அட நல்ல அகலமா இருக்கே"ன்னு தோணும். தண்ணிக்கு அந்த 44 பத்தி ஒண்ணும் தெரியாது.

மொத போட் 1232. ரிவெட் அடிச்சது, தகடு 0.050 இன்ச், அதாவது 1.27 மில்லிமீட்டர். எடை 47 கிலோ, ரெண்டு பேரு சேந்து தூக்கி கவுத்து கார் மேல வச்சிடலாம். ரெண்டாவது 1436, வெல்டிங் பண்ணது, தகடு 0.080 இன்ச், ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம், கூடவே ஒரு ட்ரெய்லர். கம்பெனி கேட்லாக்ல எடை 82 கிலோன்னு போட்டிருந்துச்சு. இந்த 82ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

எனக்கு பாத்த ஒடனே சின்னதுதான் புடிச்சுது. ஈஸியா தூக்கலாம், நினைச்சப்போ கிளம்பலாம். மச்சான் பெரிய போட்டை கையால தட்டி பாத்துட்டு "மாமா, சத்தத்த கேளுங்க, எவ்ளோ கனம், இதான் ஸ்ட்ராங்"னுட்டான். தகட்டோட விறைப்பு தடிமனோட மூணாவது அடுக்குல ஏறும், 0.050ல இருந்து 0.080 போனா வளையாம தாங்கறது நாலு மடங்கு, அந்த அளவுக்கு அவன் சொன்னது சரிதான். ஆனா மெல்லிசு தகட்டுக்கு அடியில குறுக்கு விலா நெருக்கமா போட்டிருப்பாங்க, கோரைக்குள்ள மெதுவா போற எங்களுக்கு அந்த நாலு மடங்கு எதுக்கு? பாறை மேல இழுக்கறவங்களுக்கு அது வேணும். ஆக ரெண்டு பேருமே அவங்கவங்க கண்ணுல பட்டத வச்சு பேசிட்டு இருந்தோம், அது ஒரு ரெண்டு வாரம் ஓடுச்சு.

சரி, செக் பண்ணுவோம்னு ஆரம்பிச்சோம்.

ஒழுகுதான்னு பாக்க போட்டை தண்ணியில விடணும்னு அவசியமே இல்ல, போட்டுக்குள்ள தண்ணிய விட்டா போதும். மேடா நிக்க வச்சு உள்ள ரெண்டு இன்ச் தண்ணி ஊத்திட்டு, கீழ படுத்துகிட்டு சொட்டற இடத்துல எல்லாம் மார்க்கர்ல வட்டம் போடணும். ரெண்டு இன்ச்சுக்கு மேல வேணாம், அதுக்கே சின்ன போட்ல 130 கிலோ கிட்ட வந்துடும், இன்னும் ஊத்தினா தாங்கற கட்டைக்கு மேல தகடு தொங்கி நீங்களே புதுசா ஒரு ஒழுகல உண்டாக்கிடுவீங்க. சின்ன போட்ல அஞ்சு ரிவெட் சொட்டுச்சு, அஞ்சும் நடு பெஞ்சுக்கு கீழ இருக்கற விலாவுல. பெரிய போட்ல ஒரு சொட்டு இல்ல.

இத கேட்டா பெரிய போட் ஜெயிச்ச மாதிரி தெரியும், ஆனா எனக்கு அப்படி தோணல. லூஸான ரிவெட்ட வீட்டுலயே சரி பண்ணலாம், ஒருத்தர் உள்ள கனமான இரும்ப அழுத்தி புடிக்க இன்னொருத்தர் வெளிய சுத்தியலால தட்டினா மறுபடி இறுகிடும், ரொம்ப தேஞ்சு போனத எடுத்துட்டு சீலன்ட் தடவி புதுசு போடலாம். (கடையில கெடைக்கற சாதாரண பாப் ரிவெட் வேணாம், அதோட நடுவுல ஓட்டை இருக்கும், அது வழியாவே ஒழுகும், மூடின தலை இருக்கறதா பாத்து வாங்கணும்.) வெல்டிங் போட் விரிசல் விட்டா அப்படி இல்ல, அலுமினியம் வெல்ட் பண்ண தெரிஞ்ச ஆளு வேணும், அதுவும் வெல்ட் ஓரத்துல சூடு பட்ட இடம் மத்த இடத்த விட பலம் கொறஞ்சுதான் இருக்கும். இந்த மாதிரி போட்டுக்கு நெறைய போடற 5052 தகடு சூட்டுல பதப்படுத்தி பலம் ஏத்தற வகை இல்ல, குளுமையில உருட்டி ஏத்தின பலம், வெல்ட் சூடு பட்டதும் அந்த இடத்துல அது போயிடும். அதனால விரிசல் வந்தா பெரும்பாலும் வெல்டுக்கு நடுவுல வராது, பக்கத்துல விலா முடியற எடத்துலயும் பின் பலகை மூலையிலயும்தான் வரும். டார்ச் அடிச்சு நகத்தால தடவி பாத்தோம், ஒண்ணும் இல்ல.

பின் பலகை, அதான் மோட்டார் மாட்டற ட்ரான்ஸம், ரெண்டுலயும் அலுமினியத்துக்குள்ள பிளைவுட் வச்சது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினா நல்ல மரம் டக் டக்னு சொல்லும், உளுத்தது தொப்பு தொப்புன்னு சொல்லும். சின்ன போட்ல மேல் மூலை ஒண்ணு தொப்பு. எலக்ட்ரிக் மோட்டாருக்கு தாங்கும், பெட்ரோல் இன்ஜின்னா மாத்தியே ஆகணும். உயரம் ரெண்டுமே 15 இன்ச், அதனால ஷார்ட் ஷாஃப்ட் (தண்டு குட்டையான) இன்ஜின்தான் ஒத்து வரும், அதுல ஒரு வித்தியாசமும் இல்ல.

பெரிய போட்ல வேற ஒரு கூத்து. பழைய ஓனர் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல பிளைவுட் போட்டு ஒரு டெக் கட்டி வச்சிருந்தார், மேல கார்பெட் எல்லாம் ஒட்டி பாக்க செம ஷோவா இருந்துச்சு. கழட்டி பாத்தா பலகை பச்சையா இருக்கு, கரையான் அரிக்காம இருக்க மருந்து ஏத்தின மரம். அந்த மருந்துல செம்பு இருக்கும். செம்பும் அலுமினியமும் ஈரத்துல ஒட்டி இருந்தா அலுமினியம்தான் அரிச்சு போகும், பலகை தொட்ட எடமெல்லாம் வெள்ளை மாவு மாதிரி பூத்து கீழ சின்ன சின்ன குழி. நல்ல வேளை எல்லாம் விலாவோட மேல் பக்கம், அடித் தகடு தப்பிச்சுது. போட்டுக்குள்ள மரம் போடறவங்க சாதாரண பிளைவுட்டுக்கு நல்லா பெயின்ட் அடிச்சு போடுங்க, மருந்து மரம் பக்கமே போகாதீங்க. ஒரு செப்புக் காசு கீழ விழுந்து கிடந்தாலே அந்த எடத்துல ஓட்டை போட்டுடும்.

டெக்க எடுத்துட்டு எடை போட்டோம். போட்டை மொத்தமா தூக்க வேண்டியதில்ல, ஒரு முனைய கட்டை மேல வச்சு இன்னொரு முனைய தொங்கற தராசுல தூக்கி படிக்கணும், அப்புறம் முனைய மாத்தி அதே மாதிரி, ரெண்டையும் கூட்டினா மொத்த எடை. சின்னது 47, கேட்லாக்ல போட்டதேதான். பெரியது 92. வெறும் போட், டெக் இல்ல, மோட்டார் இல்ல, 10 கிலோ அதிகம். எங்க இருந்து வந்துச்சு? பெஞ்சுக்குள்ள அடைச்ச ஃபோம்ல இருந்து. போட் தண்ணி ரொம்பினாலும் முழுகாம இருக்க போடற ஃபோம் அது, வருஷக்கணக்கா ஈரத்துல கிடந்தா தண்ணிய குடிச்சுட்டு விடாது. 10 லிட்டர் தண்ணி பெஞ்சுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. விக்கறவர்கிட்ட கேட்டா "அப்படியா, எனக்கு தெரியாதே"ன்னார், நெஜமாவே தெரிஞ்சிருக்காது, யாரு போட்டை எடை போட்டு பாக்கறா.

இது வரைக்கும் ரெண்டுலயும் ஒரே அளவு தலைவலி, முடிவு ஒண்ணும் வரல. அப்பதான் ஒரு சாயங்காலம் பேப்பர் எடுத்து உக்காந்தேன்.

மொதல்ல எவ்ளோ ஆழம் முழுகும்னு. சின்ன போட்ல முன்னாடி தூக்கின பாகத்த கழிச்சா தண்ணியில படற நீளம் பத்தரை அடி, அகலம் 32 இன்ச், ஒவ்வொரு இன்ச் முழுகறதுக்கும் 66 கிலோ தாங்கும். பெரியதுல பன்னெண்டரை அடிக்கு கொஞ்சம் கம்மி, 36 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 88 கிலோ. ரெண்டு பேரும் மோட்டார் பேட்டரி, மத்த சாமான் ஒரு 11 கிலோ எல்லாம் ஏத்தினா சின்னதுல மொத்தம் 239 கிலோ, பெரியதுல ஊறின ஃபோமோட சேத்தே 284. வகுத்து பாருங்க, சின்னது 3.6 இன்ச் முழுகுது, பெரியது 3.2 இன்ச். ரெண்டு மடங்கு எடை இருக்கற போட் கம்மியா முழுகுது! ஆழம் இல்லாத எடத்துக்கு சின்ன போட்தான்னு நான் அடிச்சு பேசிட்டு இருந்தேன், என் வாயாலயே அந்த பேச்சு செத்துது.

அடுத்தது நிக்கறது. இதுதான் எங்க கேஸ்ல முக்கியமான விஷயம், ஏன்னா மச்சானுக்கு உக்காந்துகிட்டு தூண்டில் வீசவே வராது. அவன் எந்திரிச்சு நிப்பான், மீன் மாட்டினா நானும் என்னையறியாம எந்திரிச்சிடுவேன்.

ஒரு போட் சாயாம நிக்குமாங்கறத ரெண்டு உயரம்தான் முடிவு பண்ணுது. ஒண்ணு ஆளு சாமான் எல்லாம் சேந்த எடையோட மையம் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு, இன்னொண்ணு மெட்டாசென்டர்னு ஒரு புள்ளி, போட் லேசா சாயும்போது தண்ணி அத எந்த உயரத்துல புடிச்சு நிமித்துதுன்னு வச்சுக்கலாம். எடை மையம் அந்த புள்ளிக்கு கீழ இருந்தா போட் நிமிரும், மேல போயிட்டா கவுரும். ஒரே எடைக்கு அந்த புள்ளியோட உயரம் கிட்டத்தட்ட அகலத்தோட மூணாவது அடுக்குல ஏறும், நீளத்துக்கு வெறும் ஒரு அடுக்குதான். அகலம் 32ல இருந்து 36 ஆனா பாக்க எட்டுல ஒரு பங்குதான் கூடுது, மூணாவது அடுக்குல அது 1.42 மடங்கு.

எங்க எடைக்கு போட்டப்போ சின்ன போட்ல அந்த புள்ளி அடியில இருந்து 64 சென்டிமீட்டர் சொச்சம், பெரியதுல 89. இப்போ எடை மையம். ரெண்டு பேரும் பெஞ்ச்ல உக்காந்தா சின்ன போட்ல 45 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் பாக்கி இருக்கு, ஜம்முனு இருக்கும். நான் மட்டும் நின்னா 57, பாக்கி 7. ஆடும், ஆனா நிக்கலாம். ரெண்டு பேரும் நின்னா 69. புள்ளிய தாண்டியாச்சு. பக்க சுவர் கொஞ்சம் வெளிய சாஞ்சு இருக்கறதால சாயும்போது அகலம் கூடி ஒரு எடத்துல நிக்கும், ஆனா நேரா நிக்காது. அதே ரெண்டு பேரும் பெரிய போட்ல நின்னா 61தான் வருது, போட்டோட எடையே கீழ கிடந்து மையத்த இறக்கிடுது, பாக்கி 28 சென்டிமீட்டர். அதாவது சின்னதுல உக்காந்திருக்கறத விட பெரியதுல நிக்கறது சேஃப்.

அந்த ஷோ டெக் ஞாபகம் இருக்கா? அது தரைய 28 சென்டிமீட்டர் தூக்கி இருந்துச்சு. அது மேல ரெண்டு பேரும் நின்னா எடை மையம் 75க்கு ஏறி பாக்கி சரிபாதியா 14 ஆயிடுது. அரிச்சதுக்கு எடுத்த டெக்க இந்த காரணத்துக்கும் எடுத்திருக்கணும்.

பேப்பர மட்டும் நம்பினா நல்லா இருக்காதுல்ல, ஒரு நாள் லைஃப் ஜாக்கெட் போட்டுகிட்டு இடுப்பளவு தண்ணியில ரெண்டு போட்டையும் விட்டோம், ரெண்டு ஓனரும் கரையில நின்னு வேடிக்கை. சின்னதுல நான் நின்னேன், லேசா ஆடுச்சு. "மாப்ள, இப்ப நீ எந்திரி, மெதுவா"ன்னேன். அவன் பாதி எந்திரிச்சதும் போட் ஒரு பக்கமா சடக்குனு சாஞ்சு அங்கயே நின்னுடுச்சு, நிமிரவே இல்ல, விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும். "மாமா உக்காருங்க மாமா!"ன்னு அவன் கத்தின சத்தத்துல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துட்டோம். பெரியதுல ரெண்டு பேரும் நின்னு தூண்டில் வீசி பாத்தோம், அவன் வேணும்னே ஓரத்துல போயி நின்னான், சாஞ்சுது, ஆனா கால எடுத்ததும் திரும்ப வந்துடுச்சு.

"ஒருத்தர் உக்காந்தாதான் இன்னொருத்தர் நிக்கணும்"னு ஒரு ரூல் போட்டுகிட்டு சின்னத எடுக்கலாமான்னு வீட்டுக்கு போற வழியில பேசினோம். பெரிய மீன் மாட்டற நேரத்துல எந்த ரூல் ஞாபகம் வரும் சொல்லுங்க. அதோட சின்னது முடிஞ்சு போச்சு.

மத்த கணக்கெல்லாம் சுருக்கமா. சின்ன போட்ல எத்தன பேர், எத்தன குதிரைசக்தின்னு போட்டிருக்கற தகடு கழண்டு போயிருந்துச்சு. தகடு இல்லாத போட்டுக்கு அமெரிக்க கோஸ்ட் கார்ட் சொல்ற சுலபமான கணக்கு ஒண்ணு இருக்கு, நீளத்தையும் அகலத்தையும் அடியில பெருக்கி 15ஆல வகுத்தா எத்தன ஆளுன்னு வரும். பின்னத்த விட்டுட்டா சின்னது 2, பெரியது 4. இன்ஜினுக்கு நீளத்த பின் பலகை அகலத்தால பெருக்கணும், சின்னதுக்கு 44 வருது, அவங்க அட்டவணைப்படி 10 குதிரைசக்தி, தட்டை அடின்னா ஒரு படி கீழ எறங்கணும், அதனால 7.5. பெரியதுக்கு 63, கையால திருப்பற தட்டை போட்டுக்கு அதுல பாதிய எடுத்து 15 கழிச்சா 16.5, அடுத்த அஞ்சோட மடங்குக்கு ஏத்தி 20. மச்சானோட பெட்ரோல் கனவுக்கு இதுவும் சாதகம். எலக்ட்ரிக் மோட்டார் வேகத்துல வித்தியாசம் எதிர்பாக்காதீங்க, தண்ணிய தள்ளிட்டு போற போட் அந்த நீளத்துக்கு அதிகபட்சம் போகற வேகம் சின்னதுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர், பெரியதுக்கு 8.7, எங்க மோட்டார் ரெண்டையும் எட்டாது. ஃபுல் ஸ்பீடுல 50 ஆம்பியர் இழுக்கும், 100 ஆம்பியர்-ஹவர் (Ah) லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாது, ஆக ஒரு மணி நேரம்தான். காலும் அரையுமா வச்சு ஓட்டினா நாள் முழுக்க வரும்.

ஆறு மாசம் ஆச்சு. நஷ்டத்தையும் சொல்லணும். நான் தனியா போறது பாதியா கொறஞ்சு போச்சு. நாங்க போற ரெண்டு எடத்துல ஒண்ணுல ட்ரெய்லர் தண்ணி வரைக்கும் எறங்காது, அங்க 92 கிலோவ ஒத்த ஆளா இழுக்க என் இடுப்பு ஒத்துக்கல. பின் பலகையில மடக்கற மாதிரி ரெண்டு சக்கரம் மாட்டினதுக்கு அப்புறம் முன்பக்கத்த மட்டும் தூக்கி இழுத்துட்டு போறேன், புல்லுல ஓகே, சேறுன்னா இன்னும் திட்டிகிட்டேதான். தனியா பின்னாடி உக்காந்தா முன்பக்கம் தூக்கிகிட்டு காத்து அடிக்கற பக்கம் எல்லாம் திரும்புது, தட்டை அடிக்கு தண்ணியில பிடிப்பு கம்மி. பேட்டரிய முன் பெஞ்சுக்கு பக்கத்துல கொண்டு போனேன், அது பாதி சரி பண்ணுச்சு. ஒயர் நீளமாறதால தடிமனான ஒயரா போடணும், இல்லன்னா மோட்டாருக்கு போய் சேர்றதுக்குள்ள வோல்ட் எறங்கி ஒயர்தான் சூடாகும்.

சின்ன போட்டை வாங்கினவர அதே ஏரியில பாப்பேன். ஒத்த ஆளு, கவுத்து கார் மேல வச்சு கொண்டு வருவார், எறக்கி அஞ்சு நிமிஷத்துல தண்ணியில இருப்பார், நடு பெஞ்ச்ல உக்காந்தே மீன் புடிப்பார். அந்த அஞ்சு ரிவெட்டும் அவரே அடிச்சு இறுக்கிட்டாராம். நான் ட்ரெய்லர பின்னாடி எடுத்துகிட்டு மூணாவது தடவையா கோணலா நிக்கும்போது அவர் கை காட்டுவார், எனக்கு லேசா வயிறு எரியும்.

ஃபோம் வேலைய போன மாசம் முடிச்சோம். பெஞ்சோட மேல் தகட்ட அறுத்து திறந்தா உள்ள பிழிஞ்சா சொட்டற ஸ்பாஞ்ச் மாதிரி கெடக்கு. தெர்மாகோல் போட்டு நிரப்பலாம், லைட்டா இருக்கும்னு மச்சான் சொன்னான், நாளைக்கு பெட்ரோல் இன்ஜின் மாட்டி ஒரு துளி சிந்தினா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும்டான்னு அதை விட்டுட்டு, தண்ணி குடிக்காத மூடின துளை ஃபோம் பலகைய வெட்டி அடைச்சு, கீழ தண்ணி வடிய ஒரு ஓட்டையும் விட்டு மூடினோம். நடு பெஞ்ச எடுத்துட்டா எடம் கெடைக்கும்னு ஒரு யோசனை ஓடுச்சு, அது மெதக்க வைக்கற ஃபோமையும் சேத்து எடுத்துட்டு போயிடும், பக்க சுவர் ரெண்டையும் இழுத்து புடிக்கறதும் அதுதான், அதனால கை வைக்கல.

மூடினதும் மறுபடி ரெண்டு முனையும் தராசுல தூக்கினோம். 86 வந்துச்சு. 82 வரணுமே, சக்கரம் ரெண்டு கிலோ, பாக்கி ரெண்டு எங்கன்னு நான் மறுபடி பெஞ்ச திறக்கற அளவுக்கு போயிட்டேன். முன் பெஞ்சுக்கு அடியில மச்சானோட ஈயக் குண்டு டப்பா.